இடமாற்றம் தண்டனை ஆகாது

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான். பதினொரு நாட்களுக்கு முன்பு, ஒரு செல்போன் திருட்டு தொடர்பாக ‘சும்மா விசாரணைக்கு’ என்று சொல்லிக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். இரண்டு இரவுகள் அங்கேயே வைத்து, உள்ளங்காலிலும் முதுகிலும் லத்தியால் அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், திருடியவன் வேறொருவன் என்று தெரிந்ததும் வெள்ளைத்தாளில் இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில், உடன் வந்த காவலர் சொல்லிக்கொடுத்தபடி ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன்’ என்று தம்பி சொல்லியிருக்கிறான். எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அந்த சப்-இன்ஸ்பெக்டரை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டோம், நடவடிக்கை எடுத்தாயிற்று என்கிறார்கள். இப்போது ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்து, மருத்துவச் செலவுக்குப் பணம் தருவதாகச் சமரசம் பேசுகிறார். அப்பா, ‘விட்டுவிடலாம், எதிர்த்தால் வேறு வழக்குப் போட்டுவிடுவார்கள்’ என்று பயப்படுகிறார். தம்பி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. புகார் கொடுத்து ஏதாவது பயன் உண்டா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரி,

பயன் உண்டு. ஆனால் பதினொரு நாட்கள் ஆகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்த மாதிரி வழக்குகளில் சாட்சியம் முழுவதும் அடித்தவர்களின் கையில் இருக்கிறது. நிலையத்தின் கேமரா அவர்களுடையது, நிலையத்தில் அன்றாடம் நடப்பதை எழுதிவைக்கும் பொது நாட்குறிப்பு அவர்களுடையது, உங்கள் தம்பி கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு வெள்ளைத்தாள்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது தம்பியின் உடம்பு மட்டும். அந்தக் காயமும் நாளுக்கு நாள் மறைந்துகொண்டிருக்கிறது. ஆகவே சட்டப் பிரிவுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, இந்த வாரத்துக்குள் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மருத்துவமனை. நாளைக் காலையே தம்பியை மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். முன்பு போன இடம் வேண்டாம், முடிந்தால் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு, எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது அதன் நகலைத்தான். அந்தப் பதிவேட்டில் ‘எப்படிக் காயம் ஏற்பட்டது’ என்று எழுதும் ஒற்றை வரிதான் பின்னாளில் நீதிமன்றத்தில் உங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்தும், அல்லது சாய்க்கும்.

நான் வழக்கறிஞரான தொடக்க காலத்தில் இந்த ஒரு வரியால் ஒரு வழக்கை இழந்தேன். பையனின் இரண்டு கைகளும் உடைந்திருந்தன. பதிவேட்டில் ‘கழிவறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணை நடந்தபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளை எடுத்து நீட்டி, ‘இது நீங்களே மருத்துவரிடம் சொன்னதுதானே?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்தில் யார் நின்றுகொண்டு சொல்லவைத்தார்கள் என்பதைப் பையன் சொல்வதற்குள் அழுதுவிட்டான். அந்தத் தாயின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு வழக்கில் நடந்தது வேறு. இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர், கூட வந்த காவலரைத் திரைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டுப் பையனிடம் திரும்பவும் கேட்டார். பிறகு, ‘தெரிந்த மூன்று நபர்களால், காவல் நிலையத்தில் வைத்து, லத்தியால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்’ என்று எழுதினார். அதோடு விடவில்லை. முதுகில் இருந்த தழும்புகளை ஒவ்வொன்றாக அளந்து, உடல் வரைபடத்தில் குறித்தார். லத்தி பட்ட இடத்தில் தோல் நடுவே வெளுத்து, இரண்டு பக்கமும் சிவந்து, தண்டவாளம் போல இணைகோடுகளாக நிற்கும். வண்டியிலிருந்து விழுந்தால் சிராய்ப்பு வரும், இந்த இணைகோடு வராது. அவர் வரைந்த அந்தக் கோடுகளுக்கு எதிராகக் கடைசிவரை யாராலும் வாதாட முடியவில்லை.

உங்கள் தம்பி இப்போது மருத்துவரிடம் உண்மையைச் சொல்லட்டும். முதல் தடவை ஏன் பொய் சொன்னான், அப்போது பக்கத்தில் யார் நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும், அதையும் எழுதச் சொல்லுங்கள். மிரட்டப்பட்டவன் முதலில் வேறு விதமாகச் சொல்வது நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த விளக்கம் சீக்கிரம் பதிவாக வேண்டும், ஆண்டுகள் கழித்துச் சொன்னால் சோடித்ததாகத் தோன்றும். காயம் ஓரளவு ஆறியிருந்தாலும் பரவாயில்லை. உள்ளங்கால்களுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இருக்கும் தழும்புகளை, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். அடுத்து ஒன்று கேட்கிறேன், தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: அடிபட்ட பிறகு அவனுக்குச் சிறுநீர் கறுப்பாகவோ பழுப்பாகவோ போனதா? தசைகள் நசுங்கும்படி அடித்தால் அதிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளிக்காயம் பெரிதாகத் தெரியாமலே ஆள் இறந்துபோன வழக்குகள் உண்டு. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையை நாளையே செய்துவிடுங்கள். வழக்கைவிட அது முக்கியம்.

அடுத்தது கேமரா. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை உட்பட எல்லா இடங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்று உத்தரவிட்டது. பதிவை 18 மாதங்கள் வைத்திருக்கவேண்டும், அதற்கு வழியில்லாத கருவி என்றால் ஓர் ஆண்டுக்குக் குறையவே கூடாது. காவலில் கடுமையான காயம் ஏற்பட்டதாகப் புகார் வந்தால் மனித உரிமை ஆணையமோ மனித உரிமை நீதிமன்றமோ அந்தப் பதிவை உடனே வரவழைத்துப் பாதுகாக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

தீர்ப்பு இருக்கிறது என்பதற்காகப் பதிவு பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்களே, 2020 ஜூனில் அந்தச் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நேரில் போய்ப் பார்த்தபோது, கருவியில் தாராளமாக இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டு உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். தம்பி உள்ளே போன நாளும் நேரமும், வெளியே வந்த நாளும் நேரமும் குறிப்பிட்டு, ‘இந்த நேரத்துக்கான எல்லாக் கேமரா பதிவுகளையும் பொது நாட்குறிப்பின் பக்கங்களையும் அழியாமல் பாதுகாக்க வேண்டும்’ என்று கேட்டு எஸ்.பி.க்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். மறுநாள் அதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவாகப் போடுங்கள். ‘தர இயலாது’ என்று பதில் வந்தாலும் உங்களுக்கு நன்மையே. கேட்ட பிறகும் அழித்தார்கள் என்றால், அந்த அழிப்பே அவர்களுக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடும்.

வெள்ளைத்தாள் விஷயத்துக்கும் இதே வழிதான். இத்தனையாம் தேதி இத்தனை மணிக்கு, எழுதப்படாத இரண்டு தாள்களில் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று தம்பி தன் கைப்பட எழுதி, அதையும் அதேபோல் விரைவுத் தபாலில் அனுப்பட்டும். நாளைக்கு அந்தத் தாளில் ‘என்னை யாரும் அடிக்கவில்லை’ என்றோ ‘திருடியது நான்தான்’ என்றோ எழுதிக்கொண்டு வந்தால், தபால் முத்திரையின் தேதி அவர்களை மறுத்துப் பேசும். போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் இருக்கிறது.

‘விசாரணைக்கு’ என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உங்களைப் போன்ற குடும்பங்களை அந்த ஒரு சொல்தான் வாயடைக்க வைக்கிறது. விசாரணைக்காக ஒருவரை இரவெல்லாம் நிலையத்தில் வைத்திருக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. சாட்சியாகவோ சந்தேக நபராகவோ கூப்பிட வேண்டுமானால் எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும். வந்தவரை வீட்டுக்கு அனுப்பவில்லை என்றால் அது கைது. கைது என்றால் அதற்குரிய கடமைகள் எல்லாம் வந்து சேரும்: கைதுக் குறிப்பாணை தயாரித்துக் குடும்பத்தில் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும், காரணம் சொல்லவேண்டும், உறவினருக்குத் தகவல் தரவேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்து அதன் நகலைக் கைதானவருக்கே கொடுக்கவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். இதில் ஒன்றுகூட உங்கள் தம்பி விஷயத்தில் நடக்கவில்லை. ஆக, அடித்தது ஒரு குற்றம், இரண்டு இரவுகள் அடைத்து வைத்தது தனிக் குற்றம். புகாரில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். அடித்ததை மறுப்பவர்களால் அடைத்து வைத்ததை அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது. நிலைய வாசலில் நீங்கள் காத்திருந்தபோது யாருக்குப் போன் செய்தீர்கள், யாரெல்லாம் உங்களை அங்கே பார்த்தார்கள், உள்ளே யாரிடம் பேசினீர்கள் என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் மணிக்கணக்கோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்கள் செல்போன் அழைப்பு விவரங்கள் அதற்குத் துணை நிற்கும்.

நான் மேலே சொன்ன கைது நெறிமுறைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியுமா? மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திய டி.கே. பாசு என்பவர், லாக்கப் மரணங்களைப் பற்றிய செய்திகளைச் சேர்த்து 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பரில் தீர்ப்பானது. அதற்கு முன்பே ஒரிசாவில் நிலபதி பெஹெரா என்ற தாய். 1987 டிசம்பர் 1 அன்று அவர் மகன் சுமனைப் போலீஸ் பிடித்துப்போனது. அன்றிரவு புறக்காவல் நிலையத்துக்குப் போய் மகனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் ரயில் பாதையில் பிணம் கிடந்தது. தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றார்கள். அந்தத் தாயும் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். 1993இல் நீதிமன்றம் ரயில் கதையை நிராகரித்து, அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றது. காவலில் நடந்த மீறலுக்கு அரசே பொறுப்பு, அதற்கான இழப்பீட்டை ரிட் மனுவிலேயே (அடிப்படை உரிமைக்காக நேராக உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ போடும் மனு) பெறலாம் என்ற நெறி அந்தத் தீர்ப்பில்தான் உறுதியானது. இன்று நாங்கள் வாதாடும்போது கையில் எடுக்கும் தீர்ப்பு அது. கடிதம் எழுதிப் பயன் உண்டா என்று கேட்கிறீர்களே, அதனால்தான் இந்த இரண்டையும் சொன்னேன்.

இனி, புகார் எந்தப் பாதையில் போகவேண்டும் என்று பார்ப்போம். ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 120ஆம் பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை, கொடுங்காயம் என்றால் பத்து ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றம். இப்படிப்பட்ட குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நடைமுறையில் உங்களுக்குக் கிடைத்தது, மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமாக இருக்கும். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஸ்.பி.க்கு மறுபடியும், இம்முறை குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக சுரக்‌ஷா சம்ஹிதாவின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு, எஃப்.ஐ.ஆர். பதியக் கோரி எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், உறுதிமொழிப் பத்திரத்தோடு நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

அங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அரசு ஊழியர் பணியின்போது செய்த செயல் என்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியர் தரும் விளக்கத்தையும் பார்த்த பிறகே நடுவர் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று புதிய சட்டத்தின் 175(4) பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை. அடிபட்டவனின் புகாரை அடித்தவரின் மேலதிகாரியிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. லத்தியால் உள்ளங்காலில் அடிப்பது எந்தப் பணியின் பகுதியும் அல்ல, ஆகவே அந்தப் பிரிவு இங்கே பொருந்தாது என்று உங்கள் வழக்கறிஞர் வாதிட வேண்டும். வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற கேடயத்தையும் எடுப்பார்கள். அதற்கும் இதே பதில்தான். அனுமதி தேவைப்படும் நிலை வந்தாலும், 120 நாட்களுக்குள் அரசு முடிவு சொல்லவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும் என்று அதே புதிய சட்டத்தின் 218ஆம் பிரிவில் இப்போது இருக்கிறது. அந்த 120 நாட்களை நாட்காட்டியில் குறித்துவைத்து எண்ணவேண்டியது நம் வேலை.

எஃப்.ஐ.ஆர். பதிந்தாலும் அதே நிலையத்தார் விசாரித்தால் பயனில்லை. சி.பி.சி.ஐ.டி.க்கோ வேறு அமைப்புக்கோ மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவேண்டியிருக்கும். நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால், புகாரிலேயே அதை எழுதுங்கள். அடித்தவர்கள் அந்தப் பிரிவினர் அல்ல என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும், விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது, அரசு நிவாரணமும் உண்டு.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு இந்த வாரமே ஒரு புகார் அனுப்பிவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்த ஓர் ஆண்டுக்குள் அனுப்பவேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் என்று சொல்லி ஒதுக்கிவிடக்கூடும் என்பதால், நடுவர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே அது போய்ச் சேரட்டும். தேசிய ஆணையத்துக்கும் அதே புகாரை அனுப்பிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. முன்பெல்லாம் ஆணையம் ‘பரிந்துரை’ செய்யும், அரசு அதை மூட்டை கட்டி வைக்கும். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, தவறு செய்த போலீஸ்காரரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். தன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் விழும்போதுதான் பலருக்கு உறைக்கிறது என்பதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

காவல் துறை மீதான புகார்களுக்கென்றே ஓர் ஆணையம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் அது இயங்கவேண்டும் என்பது உத்தரவு. தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்து அந்த அமைப்பை உண்டாக்கியது. காவல் துறை மீதான புகாரைக் காவல் துறையின் தலைவரே உட்கார்ந்து விசாரிக்கும் அமைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேரத்தை அங்கே செலவிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இப்போது அந்த இடமாற்றத்துக்கு வருகிறேன். சப்-இன்ஸ்பெக்டரை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்வதை நடவடிக்கை என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். காவல் துறையின் ஒழுங்கு விதிகளில் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், பணிநீக்கம் எல்லாம் தண்டனைகளாக இருக்கின்றன. இடமாற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. கூட்டம் கலைகிற வரை ஆளைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, சில மாதங்கள் கழித்து இன்னொரு நிலையத்தில் உட்காரவைப்பார்கள். அங்கே இன்னொரு பையனின் உள்ளங்கால் அவர் லத்திக்குக் கீழே வரும். ஒழுங்கு விதி 3(பி)யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டதா, தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டாரா என்று எழுத்தில் கேளுங்கள். ஏட்டு, காவலர் என்று கீழே இருப்பவர்கள் மீது மட்டும் பழியைப் போட்டு முடித்துவிடாமல், அந்த இரண்டு இரவுகளும் நிலையப் பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டரின் பெயரையும் புகாரில் சேருங்கள். தன் நிலையத்தில் இரண்டு இரவுகள் ஒருவன் அலறியது அவருக்குக் கேட்கவில்லை என்று அவர் சொல்வதானால், அதை நீதிமன்றத்தில் சொல்லட்டும்.

சமரசம் பேசும் ஏட்டைப் பற்றி. நீங்கள் குறிப்பிடும் குற்றம் இருதரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. எனவே அவர் நீட்டும் பணத்துக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை, சாட்சியைக் கலைக்கும் முயற்சி என்பதைத் தவிர. வாசலில் நிற்க வைத்தே பேசுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னார், யார் கூட இருந்தார்கள் என்று அதே நோட்டில் எழுதுங்கள். உங்களோடு பேசும் பேச்சை நீங்கள் செல்போனில் பதிவுசெய்யலாம். ஆனால் பதிவை வேறெங்கோ நகலெடுத்துவிட்டு அந்த செல்போனை விற்றுவிடாதீர்கள். சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் தர மூலக்கருவி தேவைப்படும். பணம் வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ‘பணத்துக்காகப் போட்ட பொய்ப் புகார்’ என்று அவர்களே அதை உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள்.

உங்கள் அப்பாவின் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். பணி செய்யவிடாமல் தடுத்ததாக ஒரு வழக்கு, ஆபாசமாகத் திட்டியதாக ஒரு வழக்கு என்று போடுவது உண்டு. ஆனால் ஒன்றை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தபால்களும் ஆணையப் புகாரும் போய்ச் சேர்ந்த தேதிக்குப் பிறகு ஒரு வழக்கு முளைத்தால், அது பழிவாங்கல் என்று காட்டுவது எங்களுக்குச் சுலபம். அமைதியாக இருப்பவன் மீது வழக்குப் போட்டால் கேட்க ஆள் இல்லை. முன்ஜாமீனுக்கான தாள்களை இப்போதே ஒரு வழக்கறிஞரிடம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் அறிவிப்பு இல்லாமல் யார் கூப்பிட்டாலும் தம்பி நிலையத்துக்குப் போகவேண்டாம். அறிவிப்பு வந்தால் வழக்கறிஞரோடு போகட்டும். மிரட்டல் தொடர்ந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் போதும். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மறைக்காமல் சொல்லவேண்டியது என் கடமை. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று மலைவாழ் மக்கள் மீது வனத்துறையும் காவல் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து நடத்திய கொடுமைக்கு, 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பதினெட்டுப் பெண்களின் வாக்குமூலம் முப்பத்தோரு ஆண்டுகள் மாறாமல் நின்றது. உங்கள் வழக்கு அவ்வளவு இழுக்காது என்று நம்புகிறேன், ஆனால் ஒரு மாதத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவ்வளவு நீண்ட வழக்குகளிலும் சரி, 2020இல் சாத்தான்குளத்திலும் 2025 ஜூனில் மடப்புரம் கோவில் காவலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கிலும் சரி, கதவு திறந்தது ஒரே காரணத்தால்தான்: நடந்ததற்கான சான்று நிலையத்தின் பிடியிலிருந்து வெளியே வந்தது. சாத்தான்குளத்தில், அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், வெளியே சக காவலர்கள் நிற்கும்போதே நடுவரிடம் தான் பார்த்ததைச் சொன்னார். மடப்புரத்தில், மறைந்திருந்து ஒருவர் எடுத்த சில வினாடிக் காட்சி நீதிமன்றத்துக்குப் போனது. காவல் துறைக்கு உள்ளேயும் மனம் கொதிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தலைமைக் காவலரை நினைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன். உங்கள் தம்பி இருந்த நிலையத்திலும் அந்த இரவுகளில் தலையைக் குனிந்துகொண்டு கணினியில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இருந்திருக்கலாம். தண்ணீர் கொடுத்தது யார், ‘போதும் சார்’ என்று சொன்னது யார் என்று தம்பியிடம் கேட்டு அந்தப் பெயர்களையும் எழுதிவையுங்கள்.

தம்பியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ‘வெளியே வருவதில்லை’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். தூங்குகிறானா, காக்கிச் சட்டையைப் பார்த்தால் நடுங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கவனியுங்கள். திருடாத ஒருவன் ‘திருடினேன்’ என்று சொல்லும்வரை அடிபட்டால், வலியைவிட அப்படிச் சொல்லிவிட்ட அவமானம் அவனை அதிகம் அரிக்கும். என்னிடம் வந்த இளைஞர்கள் பலர் அடியைப் பற்றிப் பேசினார்கள், அதைப் பற்றிப் பேச மாதங்கள் ஆயின. யாராக இருந்தாலும் அந்த அடிக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நீங்கள் அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளை மருத்துவமனைக்குப் போகும்போது, காயத்தைக் காட்டிவிட்டு அப்படியே மனநலப் பிரிவிலும் ஒரு சீட்டு வாங்கி அவனைக் காட்டுங்கள். அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.